கர்த்தருடைய குணம் நம் வீட்டில் எங்கே தெரியும்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கல்யாணமாகி இரண்டு வருஷம். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். "தேவனுடைய குணத்தை அன்றாட வாழ்க்கையில் பிரதிபலிக்க வேண்டும் என்று எங்கள் போதகர் அடிக்கடி சொல்கிறார். கடையில் ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களிடம்கூட நான் சிரித்த முகமாகத்தான் இருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று மாமியார் சொன்னால் பாத்திரத்தை நங்கென்று வைக்கிறேன். அவருக்கு முழங்கால் வலி, நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். அப்படியானால் கடையில் நான் காட்டுவது வேஷமா? கர்த்தருடைய குணம் என்னிடம் இல்லவே இல்லையா?" இதுதான் கேள்வி.

நான் காரைக்குடியில் முப்பது வருஷமாகப் பலகார வேலை செய்கிறவள். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், கல்யாண வீட்டுக்கு அதிரசம். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். சபையில் பெண்களுக்கு வேதபாடமும் நடத்துகிறேன். இந்தக் கேள்வியை எனக்கு நானே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கர்த்தருடைய குணம் என்று நாம் சொல்வது எது? வேதத்தில் அவரே தம் குணத்தைத் தம் வாயால் சொன்ன இடம் ஒன்று இருக்கிறது. யாத்திராகமம் 34-ஆம் அதிகாரம், 6-ஆம் வசனம்: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." இதை அவர் எப்போது சொன்னார் என்று பாருங்கள். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்டு முடித்த கையோடு சொன்னார். மோசே கோபத்தில் உடைத்த கற்பலகைகளுக்குப் பதிலாக வேறு இரண்டு பலகைகளைச் செதுக்கி எடுத்துக்கொண்டு மலை ஏறிப் போயிருக்கிறான். அவமானம் ஆறவேயில்லை. அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் குணம் இரக்கம்.

அங்கே 'நீடிய சாந்தம்' என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் 'எரேக் அப்பாயிம்' என்று இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'நீண்ட மூக்கு உள்ளவர்'. எபிரெயத்தில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். முதன்முதலில் இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் சந்தோஷத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். நம் வீடுகளில் "அவளுக்கு மூக்கு நுனியில கோபம்" என்போம், இல்லையா? கர்த்தருக்கோ கோபம் வந்து சேர வேண்டிய மூக்கு நீளமாக இருக்கிறது. கோபமே வராதவர் என்று வேதம் சொல்லவில்லை. வருவதற்கு நேரம் எடுக்கிறது என்று சொல்கிறது. பாத்திரத்தை நங்கென்று வைக்கிற கைக்கும் அந்தக் காபி டம்ளருக்கும் நடுவில் ஒரு மூச்சு நீளம் வேண்டும். நீங்கள் கேட்பது அந்த மூச்சைத்தான்.

கடையில் அந்த மூச்சு உங்களுக்கு வருகிறது, வீட்டில் வரவில்லை. கடையில் இருப்பது வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பழக்கம். சம்பளம் அதைப் பழக்கியிருக்கிறது, மேலாளரின் கண் பழக்கியிருக்கிறது. நல்ல பழக்கம்தான், விட்டுவிடாதீர்கள். ஆனால் அதைக் கர்த்தருடைய குணம் என்று எண்ணிக்கொண்டுவிட்டால் அப்புறம் வீட்டில் ஏன் காணோம் என்று குழம்பித்தான் போவோம். "உங்களைச் சிநேகிக்கிறவர்களையே நீங்கள் சிநேகிப்பீர்களானால், உங்களுக்குப் பலன் என்ன? ஆயக்காரரும் அப்படியே செய்கிறார்களல்லவா?" என்று இயேசு கேட்டது இதைத்தான். ஆயக்காரர் என்றால் வரி வசூலிக்கிறவர்கள், ஜனங்கள் வெறுத்தவர்கள்.

சரி, அப்புறம் அது எப்படித்தான் வரும்?

எங்கள் வீட்டு முன்கூடத்துத் தரையில் பதித்த பூக்கல்லை மாற்ற வேண்டியிருந்தபோது ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். சதுரமாக வெட்டிய கண்ணாடித் துண்டு ஒன்றைத் தரையில் வைக்கிறார்கள். அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வேலைப்பாடு உள்ள அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கலர்ச் சாந்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். கை நடுங்கவே இல்லை. அச்சைத் தூக்கி எடுத்துவிட்டு, காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்ததை மேலே தூவுகிறார். அப்புறம் ஈரச் சாந்தை அப்பி, கரணையால் வழித்துவிட்டு நகர்த்தி வைக்கிறார். இப்போது நமக்குத் தெரிவது வெறும் சாம்பல் நிறச் சிமெண்டு முதுகு. பூ முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போடுகிறார்கள். எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் கல் பளபளவென்று இருக்கிறது. சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. எந்தக் கண்ணாடியில் முகம் வைத்துக் கிடந்ததோ அதன் வழவழப்புதான் கல்லில் ஏறியிருக்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் கல்லிலும் அந்தக் கீறல் விழும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டு கொரிந்தியர் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனம்தான் ஞாபகம் வந்தது. "நாமெல்லாரும் திறந்த முகமாய்க் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு" அந்தச் சாயலாகவே மறுரூபப்படுகிறோம் என்கிறார் பவுல். 'மறுரூபப்படுகிறோம்' என்பதைக் கவனியுங்கள். 'மறுரூபப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று அவர் அங்கே எழுதவில்லை. எதைப் பார்த்துக் கிடக்கிறோமோ அது நம்மேல் ஏறுகிறது. எபிரெயர் முதல் அதிகாரத்தில் குமாரனைப் பிதாவின் "தன்மையின் சொரூபம்" என்று வாசிக்கிறோம். அங்கே 'சொரூபம்' என்று நாம் வாசிக்கிற கிரேக்கச் சொல் 'கரக்தேர்'. நாணயத்தில் அடிக்கிற முத்திரையின் பதிவு என்று அதற்குப் பொருள். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது அந்த ஒரே இடத்தில்தான். பிதாவின் பதிவு இயேசு. இயேசுவைப் பார்த்துக் கிடப்பதால் நம்மேல் விழுகிற பதிவுதான் நீங்கள் கேட்கிற குணம்.

அதனால் தங்கச்சி, பஸ்ஸில் போகிற நேரத்தில் போனை உள்ளே வைத்துவிட்டு, சுவிசேஷத்தில் ஒரே ஒரு காட்சியை மட்டும் வாசியுங்கள். அவர் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். கூட்டம் நெருக்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்ட ஸ்திரீக்காக நிற்கிறார். பாதையோரத்துக் குருடனிடம், "நான் உனக்கு என்னசெய்யவேண்டும்?" என்று கேட்கிறார். நிதானமாகப் பாருங்கள். ஒரு நாளில் எதுவும் தெரியாது. கல்லுக்கே தொட்டியில் பல நாள் ஆகிறது. ஒரே ஒரு வித்தியாசம், கல் ஒரு முறை கவிழ்ந்தால் போதும். நாம் தினமும் கவிழ வேண்டும்.

பதிந்தது எங்கே தெரியும்? இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ஜெபக்கூட்டத்தில் தெரியும், சாட்சி சொல்லும்போது தெரியும் என்று நினைக்கிறோம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்பது அந்த அதிகாரத்தின் தொடக்கம். அப்படியானால் அடுத்தது பலிபீடம், தூபம், உபவாசம் என்றே போகும் என்று எதிர்பார்ப்போம். பலியைப் பற்றி நாலைந்து வசனம் வருகிறது, வாஸ்தவம். அப்புறம் பாருங்கள்: வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும். கூலிக்காரனுடைய கூலி விடியும் வரை உன்னிடம் இருக்கக் கூடாது. செவிடனைத் திட்டாதே. குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதே. முடிக்கிற இடத்தில் "சுமுத்திரையான தராசு", அதாவது சரியாக நிறுக்கிற தராசு, வேண்டும் என்கிறது. பரிசுத்தம் தராசுத் தட்டில் வந்து உட்காருகிறது.

என் தொழிலில் இது ரொம்ப நேராக இடிக்கும். டப்பாவைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அப்புறம் சீடையைப் போட வேண்டும். டப்பாவோடு சேர்த்து நிறுத்தால் கிலோவுக்கு ஒரு கை சீடை எனக்கு மிச்சம். யாருக்கும் தெரியாது. பழைய எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்து இன்னொரு ஈடு போட்டாலும் வாங்குகிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது, நாக்கு நன்றாக உள்ள ஆச்சிமார்களைத் தவிர. இவை எல்லாம் சின்ன விஷயங்கள் என்று சொல்வார்கள். லேவியராகமம் அப்படிச் சொல்லவில்லை.

கூலி விஷயத்தில் நான் தவறியிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. ஒரு கல்யாண வீட்டிலிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. முறுக்குச் சுற்றுகிற அக்காவிடம், "திங்கட்கிழமை வாங்கிக்கங்கக்கா" என்றேன். சரி என்று போய்விட்டார். பீரோவில் வேறு பணம் இருந்தது. சீட்டுக்குக் கட்ட எடுத்து வைத்தது. அதைத் தொட மனசு வரவில்லை. மறுநாள் ஆராதனையில் வழக்கம்போல முன் வரிசையில் நின்று பாடினேன். திங்கட்கிழமை அந்த அக்கா வந்தபோது காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. நான் கேட்ட பிறகுதான் அடகு வைத்ததைச் சொன்னார். குரலில் ஒரு வருத்தம்கூட இல்லை, அதுதான் என்னை அறுத்தது. முதலாளி என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்த குரல். தோட்டை வட்டியோடு மீட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது தோட்டை அடகு வைத்த பணத்தில். அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்குப் பிறகு சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் கூலி போய்விடும், யார் எனக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

முதலில் பார்த்த யாத்திராகம வசனத்தில் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்ன பட்டியலின் கடைசிச் சொல் 'சத்தியம்'. எபிரெயத்தில் 'எமெத்'. பொய் சொல்லாமல் இருப்பது மட்டும் அதன் பொருள் அல்ல, சாய்ந்தால் தாங்குவது என்பதும் அதில் இருக்கிறது. நாம் ஜெபத்தை முடிக்கிற 'ஆமென்' அதே வேரிலிருந்து வருகிற சொல். உங்கள் பக்கத்தில் இருப்பதுதான் ஓரியூர். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கே தலை வெட்டப்பட்ட, போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் அருளானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள் அல்ல, ஆனாலும் அவரை நினைக்காமல் இந்தச் சொல்லை என்னால் விளக்க முடியவில்லை. 1686-இல் இந்த மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர். அப்புறம் போர்ச்சுகலுக்குப் போனபோது, சின்ன வயதில் அரண்மனையில் கூட வளர்ந்த பேதுரு அங்கே ராஜா. இங்கேயே இரு என்று ராஜாவே கேட்டும் நிற்கவில்லை. இந்த வறண்ட சீமைக்கே திரும்பி வந்தார். அவரை நம்பி ஞானஸ்நானம் எடுத்த ஜனங்கள் இங்கே இருந்தார்கள். எமெத் என்றால் அதுதான். சனிக்கிழமை சாயங்காலக் கூலியும் அதே சொல்லின் சின்ன வடிவம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னல் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக இருக்கும். முற்றம் பெருக்க வருகிற அம்மாவுக்கான டம்ளர். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். மனுஷன் தேவசாயல் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று பேதுரு, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் சொன்னதை மனப்பாடமாகச் சொல்வேன். அந்த டம்ளரை எடுத்துக் கழுவி, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. வைத்த அன்றிலிருந்து இரண்டு மாதம் என் மாமியார் என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை.

நான் செய்தது சரி. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்னும் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் அந்தத் தனி டம்ளர் இருக்கிறது, எங்கள் சபைக் குடும்பங்கள் உட்பட. அந்த டம்ளர் இருக்கிற வீட்டில் தேவனுடைய குணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் மாமியாரிடம் நடந்துகொண்ட விதம் சரியில்லை. ஜெயித்தவளின் முகத்தோடு நடமாடினேன். வேண்டுமென்றே அவர் கண் முன்னாலேயே அந்த அம்மாவுக்குக் காபி ஆற்றினேன். காபி எடுத்துப் போய், "வேண்டாமா? சரி" என்று அடுத்த விநாடியே திரும்பிவிடுவேன். அவர் பிறந்து வளர்ந்த எழுபது வருஷத்துப் பழக்கம் ஒரு காலையில் உடைந்து போனது. அந்தப் பயத்தை நான் பார்க்கவே இல்லை. "கிருபையும் சத்தியமும் ஒன்றையொன்று சந்திக்கும்" என்கிறது சங்கீதம். என் வீட்டில் சத்தியம் தனியாக வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு நாற்றம் இருந்தது, பழைய எண்ணெய் மாதிரி.

ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "டம்ளர் விஷயத்துல நான் மாற மாட்டேன் அத்தை. ஆனா உங்களை அசட்டை பண்ணினது என் தப்பு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் காபி கேட்டார். டம்ளரைப் பற்றிக் கடைசிவரை நாங்கள் பேசவில்லை.

இரக்கம் தகுதி பார்க்காது என்பதை நம் சீமைக்காரர்களுக்கு மழையை வைத்துச் சொன்னால் புரியும். தண்ணீருக்காக ஊருணி வெட்டி, காவல் போட்டுக் காத்த பூமி இது. இங்கே மழை என்பது வானிலைச் செய்தி அல்ல, தயவு. பிதா "நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்" என்று இயேசு சொன்னதும் சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன அதே மூச்சில்தான். சருகணியில் பங்குத்தந்தையாக இருந்து 1973-இல் மறைந்த பிரெஞ்சுக்காரர் லெவே அடிகளாரை இந்தப் பக்கத்து ஜனங்கள் 'மழைச்சாமியார்' என்கிறார்கள். அவர் கல்லறைக்கு எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள். ஒரு மனுஷனுக்கு ஜனங்கள் மழையின் பெயரை வைத்தார்கள் என்றால், அவர் யாருக்கு என்று பார்த்துக் கொடுத்தவராக இருந்திருக்க முடியாது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்த்தரிடம் நம்மோடு பகிர்ந்துகொள்ளாத தன்மைகளும் உண்டு. எல்லாம் அறிந்தவர், எங்கும் இருப்பவர், எல்லாவற்றையும் நடத்துகிறவர். ஏதேனில் சர்ப்பம் "தேவர்களைப்போல்" ஆகலாம் என்று காட்டியது இந்தப் பக்கத்தைத்தான். வீட்டில் எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும், எல்லாம் என் சொல்படி நடக்க வேண்டும், யார் மனசில் என்ன இருக்கிறது என்று நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று நாம் அலைவது அந்தப் பழைய ஆசை. "சர்க்கரை போதவில்லை" என்றதற்குப் பின்னால் மாமியார் உங்களைக் குத்திக்காட்டுகிறார் என்று நீங்கள் படித்திருக்கலாம். அதைப் படிக்கும் வேலை உங்களுடையது அல்ல. சர்க்கரை போதவில்லை என்றால் சர்க்கரை போதவில்லை, அவ்வளவுதான்.

மலையிலிருந்து இறங்கி வந்தபோது தன் முகம் பிரகாசித்ததை மோசே அறியாதிருந்தான் என்று அதே 34-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதனால் என்னிடம் அந்தக் குணம் இருக்கிறதா இல்லையா என்று தினமும் எடை போட்டுப் பார்க்காதீர்கள். அது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிய வேண்டியவர் உங்கள் மாமியார்.

இன்று சாயங்காலம் பஸ் இறங்கினதும் நேரே அடுப்படிக்குப் போகாதீர்கள். முகம் கழுவிவிட்டு, அவர் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். பாத்திரத்தை நங்கென்று வைத்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். கடையில் தலைவலி, பஸ்ஸில் கூட்டம் என்று காரணம் எதையும் சேர்க்காதீர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, நாளைக்கு மறுபடி கேளுங்கள். அப்புறம் காபியைப் போட்டு, சர்க்கரை டப்பாவையும் கரண்டியையும் தட்டில் கூடவே எடுத்து வாருங்கள். எவ்வளவு வேண்டும் என்று அவரே போட்டுக்கொள்ளட்டும்.